புதுப்பிப்பு: தாடை மூட்டு வலி, ஈஎம்ஜி எடுத்தாச்சு

தாடை மூட்டு வலிக்கு மெல்லும் தசைகளின் ஈஎம்ஜி (தசையில் உண்டாகும் மின்சாரத்தை அளக்கும் சோதனை) எடுக்கச் சொல்கிறார்கள், ஊசி குத்துவார்களா என்று முன்பு கேட்டிருந்தேன். எனக்கு ஊசி இல்லை. கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் ஸ்பிரிட்டால் துடைத்து, ஈசிஜிக்கு ஒட்டுவது போன்ற சின்ன வில்லைகளை இரண்டு பக்கமும் ஒட்டினார்கள்.

முதலில் சும்மா உட்காரச் சொன்னார்கள். அப்புறம் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே பஞ்சுச் சுருள் வைத்து, முடிந்த மட்டும் அழுத்திக் கடிக்கச் சொன்னார்கள். விஷயமே இந்தப் பஞ்சில்தான் இருக்கிறது. தோலின் தடிமன், கொழுப்பு, வில்லை ஒட்டிய இடம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறுவதால், மைக்ரோவோல்ட்டில் வரும் மின் அளவை அப்படியே ஒப்பிட முடியாது. பஞ்சைக் கடித்தபோது வந்ததை 100 சதவீதமாக வைத்து, பல்லோடு பல் கடிப்பதை அதன் சதவீதமாகச் சொல்கிறார்கள். எனக்கு வலிக்கிற வலப்பக்கம் குறைவாக வந்தது. வலிக்குப் பயந்து தசை அடக்கி வாசிக்கிறது போல!

இதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்வதில்லை. தாடை மூட்டுக் கோளாறுகளுக்கென்று 2014இல் வெளியான சர்வதேச நோயறி அளவுகோலும் நோயாளி சொல்வதையும், வாய் திறக்கும் அளவையும், அழுத்தினால் வருகிற வலியையும்தான் பிரதானமாகப் பார்க்கிறது. இப்போதைக்கு இரவில் போட ஸ்பிளிண்ட்டுக்கு (பற்கள் மேல் மாட்டும் உறை) அளவு கொடுத்திருக்கிறேன்.