ஹெலிகோபாக்டர் பைலோரியும் நாட்பட்ட செரியாமையும்: சொல் வேண்டல்

அனைவருக்கும் வணக்கம்.

நோயாளர் கையேட்டுக்காகக் கேட்கிறேன். இரைப்பையில் தங்கும் பாக்டீரியாவான ஹெலிகோபாக்டர் பைலோரிக்கு ‘வாயிற்சுருளி’ எனலாமா? கிரேக்கத்தில் ஹெலிக்ஸ் என்றால் சுருள். பைலோரஸ் என்பது வாயிற்காவலன், அதாவது இரைப்பை சிறுகுடலில் திறக்கும் வாய். நெடுநாள் அசீரணக்காரரிடம் இக்கிருமி இருந்தால் அந்நோயைச் ‘சுருளிச் செரியாமை’ என்று எழுத எண்ணம்.

---

> ‘வாயிற்சுருளி’ எனலாமா?

வணக்கம் ஐயா. ‘சுருளி’யை ஸ்பைரோகீட்டுகளுக்கு விட்டுவிடலாம். எலிக்காய்ச்சல் கிருமி அவ்வினம். நூல்போல் மெலிந்து பல சுற்றுச் சுருண்டது. நம் கிருமியோ இரண்டு மூன்று திருகு மட்டுமே கொண்ட கோல். முனையிலுள்ள கசையிழைகளால் (சவுக்குபோன்ற நுண்ணிழைகள்) உந்திச் சளிப்படலத்துக்குள் திருகிக்கொண்டு இறங்குகிறது. ‘திருகி’ என்றால் வடிவமும் தொழிலும் ஒரே சொல்லில் வரும். அது வாயருகே மட்டும் தங்குவதில்லை. இரைப்பையின் மேற்பகுதிக்கும் பரவும். ஆகவே ‘இரைப்பைத் திருகி’. மூலப்பெயரும் ஒரே நாளில் அமைந்ததன்று: முதலில் வைத்த ‘பைலோரிடிஸ்’ இலத்தீன் இலக்கணப்படி பிழை என்று 1987இல் ‘பைலோரி’ ஆக்கினார்கள். 1989இல்தான் அது ஹெலிகோபாக்டர் ஆனது.

‘சுருளிச் செரியாமை’யைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கிருமி உள்ளவர் பலருக்கு ஒரு தொல்லையும் இல்லை. செரியாமை உள்ளவரிடம் கிருமி இருந்தாலும், தொல்லை அதனால்தான் என்று அன்றே சொல்ல முடியாது. 2015இல் வெளியான, மருத்துவ வல்லுநர்களின் கியோட்டோ இணக்க அறிக்கையின்படி, கிருமியை நீக்கிய பின் 6 முதல் 12 மாதம் வரை தொல்லை இல்லாதிருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். தொடர்ந்தால் அது செயல்சார் செரியாமை, அதாவது உறுப்பில் கோளாறு எதுவும் தென்படாத செரியாமை. தமிழில் இந்த வேறுபாட்டை வேற்றுமை உருபே காட்டிவிடும்: சோதனை முடிவு வந்த நாளில் ‘திருகியுடன் செரியாமை’, நீக்கிக் குணம் நிலைத்த பிறகு ‘திருகியால் செரியாமை’. முதலிலேயே ‘ஆல்’ போட்டால், மாத்திரை முடிந்தும் வயிறு எரியும் நோயாளர் மருந்து பலிக்கவில்லை என்று நினைத்துவிடுவார்.

---

‘உடன்’, ‘ஆல்’ இரண்டும் ஏற்பு. நீக்குவதற்கு ‘ஒழிப்பு’ சரியா?

---

ஒழிப்பு பெரியம்மைக்குப் பொருந்தும், உலகத்திலிருந்தே போயிற்று. ஓர் உடலிலிருந்து நீக்குவது ‘களைவு’. அரைகுறையாகப் பிடுங்கிய களை மறுபடி தழைப்பதுபோல, நடுவில் மருந்தை நிறுத்தினால் எஞ்சிய கிருமி மருந்தெதிர்ப்புப் பெறக்கூடும். கிளாரித்ரோமைசின் என்னும் கிருமிக்கொல்லிக்கு எதிர்ப்புப் பல இடங்களில் மிகுந்துவிட்டதால், பிஸ்மத் சேர்ந்த நான்மருந்து முறை (அமிலச்சுரப்புத் தடுப்பி, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல்) 14 நாள் தரப்படுகிறது. பிஸ்மத்தால் மலமும் நாக்கும் கறுக்கும். இதைக் கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள். இரத்தக்கசிவோ என்று அஞ்சிப் பாதியில் விடுபவர் உண்டு. தார்போல் ஒட்டும் மலமோ தலைசுற்றலோ வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

‘களைவுச் சோதனை’யையும் சேருங்கள். மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சுச் சோதனை. கார்பன்-13 ஏற்றிய யூரியாவைக் குடிக்கக் கொடுப்பார்கள். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் என்னும் நொதி யூரியாவை உடைத்து, அந்தக் கார்பன் கரியமிலவாயுவாக மூச்சில் வெளிவரும். அமிலத் தடுப்பியை 2 வாரம் முன்பே நிறுத்தாவிட்டால் கிருமி அடங்கிக் கிடக்க, ‘இல்லை’ என்று பொய் முடிவு வரும். இதைப் ‘பொய்யின்மை’ எனலாம். இரத்தத்தில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் ஆக்கும் புரதம்) பார்ப்பது இங்கே உதவாது. கிருமி போன பிறகும் அது நெடுநாள் நிற்கும்.

---

நன்றி. பதிவை இப்படித் திருத்துகிறேன்: *இரைப்பைத் திருகி, திருகியுடன் செரியாமை (களைவுக்கு முன்), திருகியால் செரியாமை (களைவுக்குப் பின், 6–12 மாதம் தொல்லையின்றி இருந்தால்), களைவு, களைவுச் சோதனை.* ‘பொய்யின்மை’யைப் பேசும்போது ‘பொய் இல்லாமை’ என்று நேர்மாறாகக் கேட்கிறது. அதற்கு மட்டும் வேறு சொல் தாருங்கள்.

---

உண்மைதான், அது பிழை. ‘தப்பிய முடிவு’ என்று வையுங்கள். கிருமி சோதனைக்குத் தப்பியது என்று யாருக்கும் புரியும்.