வீட்டில் செய்த மெத்தை கல்லு மாதிரி இருக்கு, மேல என்ன போடலாம்?

கேள்வி (வெள்ளவத்தை):
4 இஞ்சித் தும்புக்கு மேல 1 இஞ்சி ஸ்பொன்ஞ் ஒட்டி, கன்வஸ் உறை தைச்ச மெத்தை. அளவு 72க்கு 36. சரிஞ்சு படுத்தால் தோளும் இடுப்பும் நோகுது. மெமரி ஃபோமா, லேட்டக்ஸா (ரப்பர் பால் ஃபோம்)? எத்தனை இஞ்சி?

பதில் 1:
காசு செலவழிக்க முதல் உறையைக் கழட்டிப் படுத்துப் பாருங்கோ. இழுபடாத கன்வஸை இறுக்கித் தைச்சால் பறைத்தோல் மாதிரித்தான் நிற்கும், உள்ளுக்கு இருக்கிற ஸ்பொன்ஞ் அமுங்காது. இழுபடுற பெனியன் துணியில உறை போட்டாலே பாதி நோவு குறையலாம். மேல் மெத்தையையும் கன்வஸுக்குள்ள திணிக்காதேங்கோ.

பதில் 2:
கொழும்பு வெக்கைக்கு மெமரி ஃபோம் சரிவராது. உடம்புச் சூட்டைப் பிடிச்சு வைக்கும். துளை போட்ட லேட்டக்ஸ் நல்லது. மல்லாந்து படுக்கிறவருக்கு 2 இஞ்சி போதும். சரிஞ்சு படுத்தால் 3, இல்லாட்டி இடுப்பு தும்பில முட்டும். கடையில "டென்சிட்டி (அடர்த்தி) கூட, அதால மெத்துன்னு இருக்கும்" எண்டால் நம்பாதேங்கோ. டென்சிட்டி எவ்வளவு காலம் உழைக்கும் எண்டதைத்தான் காட்டும். மென்மைக்கு ஐஎல்டி எண்ணைக் கேளுங்கோ, அது ஃபோமை அமுக்க எவ்வளவு விசை வேணும் எண்ட அளவு. 14 முதல் 19 வரை மென்மை, 30 தாண்டினால் திரும்பவும் கல்லுத்தான்.

கேட்டவர்:
நன்றி. மாதத்துக்கு ஒருக்கா வெயிலில போடலாமா?

பதில் 2:
தும்பைப் போடலாம். லேட்டக்ஸ் வெயில் பட்டால் மஞ்சளாகி உதிரும், நிழலில காத்தாட விடுங்கோ.

பதில் 3:
கட்டில் அடி முழுப் பிளைவுட் எண்டால் அரை இஞ்சித் துளைகள் போடுங்கோ. வியர்வை ஈரம் கீழ தேங்கித் தும்பு பூஞ்சணம் பிடிக்கும். நடுவில ஏற்கெனவே குழி விழுந்திருந்தால் மேல எது போட்டாலும் அதே குழிதான்.