திரையில் பார்த்ததும் நேரில் பார்த்ததும்: தொடர்கள் காட்டும் உறவும் அறிவியலும் (அனுபவப் பகிர்வு)

பகிர்வைத் தொடங்கியவர்

என் தந்தை, மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் 22 நாட்கள் இருந்தார். கோமா என்ற சொல்லை மருத்துவர் சொன்னபோது எங்களில் ஒருவரும் அதன் பொருளைக் கேட்கவில்லை. அது எங்களுக்குத் தெரிந்த சொல்லாகவே பட்டது. எத்தனையோ தொடர்களில் பார்த்திருந்தோம்: உறங்குபவரைப் போல அமைதியாகப் படுத்திருப்பவர், பிரிந்துபோன மகன் வந்து கையைப் பற்றி மன்னிப்புக் கேட்டதும், முதலில் விரலை அசைத்து, பிறகு கண்ணைத் திறந்து, அவன் பெயரைச் சொல்லி அழைப்பார்.

என் தம்பிக்கும் அப்பாவுக்கும் 3 ஆண்டுகளாகப் பேச்சு நின்றுபோயிருந்தது. செய்தி கேட்டதும் ஓடிவந்தவன், அனுமதி கிடைத்த நேரமெல்லாம் அவர் காதருகே பேசிக்கொண்டே இருந்தான். இரண்டாம் நாள் விரல் அசைந்தது. அது தானாக நிகழும் அசைவு என்று செவிலியர் பொறுமையாக விளக்கியும் அவன் ஏற்கவில்லை. நாட்கள் போகப் போக, அப்பா தன்னை மன்னிக்கவில்லை, அதனால்தான் விழிக்க மறுக்கிறார் என்று அவன் உறுதியாக நம்பத் தொடங்கினான். 17ஆம் நாள் அவர் கண் திறந்தபோது, அந்தப் பார்வை எங்கள் யார் முகத்திலும் நிற்கவில்லை. அன்று மருத்துவமனை நடைபாதையில் அவன் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த நாட்களுக்குப் பிறகு, தொடர்கள் உறவையும் அறிவியலையும் எவ்வளவு உண்மையாகக் காட்டுகின்றன என்ற கேள்வி எனக்கு வெறும் பொழுதுபோக்கு விவாதமாக இல்லை. உங்கள் பணியிலோ குடும்பத்திலோ இதைப் போல எதையேனும் எதிர்கொண்டிருந்தால் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் செவிலியர்

சகோதரி, உங்கள் தம்பியைப் போன்ற பிள்ளைகளை நான் 14 ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: விழிப்பதும் விழிக்காமல் இருப்பதும் மன்னிப்போடு தொடர்புடையவை அல்ல. தம்பி பேசியது வீண் என்றும் சொல்லமாட்டேன். பேசச் சொல்லி நாங்களே உறவினர்களை ஊக்குவிக்கிறோம். ஆனால் எந்தப் பேச்சும் பூட்டைத் திறக்கும் சாவி அல்ல.

கோமாவிலிருந்து மீள்வது ஒரு நொடியில் நடப்பதன்று. 1974இல் கிளாஸ்கோவில் உருவாக்கப்பட்ட, உணர்வு நிலையை அளக்கும் ஓர் அளவுகோலைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அதிகபட்சமாகக் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள். எந்த எதிர்வினையும் இல்லாதவருக்கும் 3 புள்ளிகள் உண்டு. ஒருவர் 6இலிருந்து 7க்கு வருவதற்கு ஒரு வாரம் ஆகலாம். மறுநாளே 5க்கு இறங்கவும் கூடும். கண் திறந்திருந்தும் உள்ளே உணர்வு திரும்பாத நிலையும் இருக்கிறது. குடும்பத்தாருக்கு மிகவும் கொடுமையானது அந்த நிலைதான், ஏனென்றால் தொடர்களில் கண் திறப்பதோடு துயரம் முடிந்துவிடுகிறது.

இதைச் சிலர் எண்ணியும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1995 முதல் 2005 வரை ஒளிபரப்பான 9 பகல்நேரக் குடும்பத் தொடர்களில் கோமாவுக்குச் சென்ற 64 கதாபாத்திரங்களைப் பற்றிய ஆய்வு 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. அவர்களில் 57 பேர் முழுமையாக மீண்டார்கள். 5 பேர்தான் இறந்தார்கள். அத்தகைய நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் உண்மையில் இறக்கக்கூடும் என்பது அதே ஆய்வில் காட்டப்பட்ட ஒப்பீடு. மீண்ட 57 பேரில் 49 பேருக்கு விழித்த நாளிலேயே எந்தக் குறையும் இல்லை. நான் பார்த்தவர்களில் ஒருவர்கூட அப்படி எழுந்து உட்கார்ந்ததில்லை. தொண்டையில் குழாய் இருக்கும்போது பெயர் சொல்லி அழைக்கவும் முடியாது.

இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயலும் சி.பி.ஆர். பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு முடிவெடுக்கும் பொறுப்பு குடும்பத்தாருக்கு வருகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்த வேண்டும். முதியவர்களுக்கு விலா எலும்பு முறிவது எங்கள் கைக்கே தெரியும். இதயத் துடிப்பு முற்றிலும் நின்று, அதைக் காட்டும் கருவியில் நேர்க்கோடு ஓடும்போது மின்னதிர்ச்சி கொடுப்பதைப் பல தொடர்களில் காட்டுகிறார்கள்; நேர்க்கோட்டுக்கு மின்னதிர்ச்சி பயன்படாது. இதயம் ஒழுங்கின்றித் துடித்துக்கொண்டிருக்கும் சில நிலைகளுக்கு மட்டுமே அது மருந்து. 1996இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்த ஆய்வொன்று, 3 அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் காட்டப்பட்ட 60 சி.பி.ஆர். காட்சிகளில் 75 விழுக்காட்டினர் உடனடியாக உயிர் பிழைத்ததாகக் கணக்கிட்டது. நல்ல வசதியுள்ள மருத்துவமனையின் உள்ளே இதயம் நின்றவர்களிலேயே நான்கைந்து பேரில் ஒருவர்தான் வீடு திரும்புகிறார்.

உடல் முழுவதும் புற்றுநோய் பரவிய ஒரு தாய்க்கு, மேற்கொண்டு சி.பி.ஆர். வேண்டாம் என்று அவருடைய மூத்த மகள் கையெழுத்திட்டார். தாய் இறந்த பிறகு, அந்த மகளின் தம்பி தங்கைகள் எல்லோர் முன்னிலையிலும், அம்மாவை நீதான் கொன்றுவிட்டாய் என்றார்கள். நெஞ்சை நான்கு முறை அழுத்தினால் அம்மா இருமிக்கொண்டு எழுந்திருப்பார் என்பதுதான் அவர்கள் மனத்தில் இருந்த சித்திரம். அந்த மகள் செய்ததைப் போன்ற அன்பான செயலை நான் அதிகம் பார்த்ததில்லை.

தடய அறிவியல் ஆய்வகப் பணியாளர்

எங்களிடம் வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஏன் இவ்வளவு நாள்? 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய சி.எஸ்.ஐ. என்ற குற்றப் புலனாய்வுத் தொடரும் அதன் வழிவந்தவையும் டி.என்.ஏ. முடிவை ஒரு விளம்பர இடைவேளைக்குள் தந்துவிடுகின்றன. நாங்கள் மாதிரியிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அளந்து, பி.சி.ஆர். கருவியில் பலமுறை சூடாக்கிக் குளிர்வித்துப் பெருக்கி, துண்டுகளைப் பிரித்துப் படித்து, இன்னொருவர் அதை மறுபடி சரிபார்த்த பிறகே ஒரு வரி எழுதுகிறோம். எல்லாம் சரியாக அமைந்தாலும் ஓரிரு நாட்கள் தேவை. வரிசையில் காத்திருக்கும் மாதிரிகளால் அது மாதங்களாகிறது.

காணாமற்போன மகனைத் தேடிய ஒரு தந்தை, கண்டெடுக்கப்பட்ட எலும்புகளின் முடிவுக்காக எங்கள் வரவேற்பறையில் ஒன்பது முறை வந்து உட்கார்ந்திருக்கிறார். ஐந்தாம் முறை வந்தபோது, நீங்கள் யாரையோ காப்பாற்றுகிறீர்கள் என்றார். எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது எவ்வளவு கடினம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லாமல் விட்டதை எண்ணி வெட்கப்பட்டேன். பிறகு எங்கள் அதிகாரியின் அனுமதியோடு, கண்ணாடிக்கு இப்பால் நிற்கவைத்துக் கருவிகளைக் காட்டினேன். அதற்குப் பிறகும் வந்தார். ஆனால் எங்களைத் திட்டவில்லை.

தொடர்கள் மறைக்கும் இன்னொன்று, நாங்களும் தவறக்கூடும் என்பது. 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு கைரேகையை, அதில் எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் அமெரிக்க வழக்கறிஞருடையது என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அடையாளம் காட்டி, அவரைச் சிறையில் வைத்தது. கணினி தருவது ஒத்திருக்கக்கூடிய ரேகைகளின் பட்டியல் மட்டுமே. "பொருந்தியது" என்று திரையில் ஒளிரும் சொல்லை உண்மையில் ஒரு மனிதர்தான் சொல்கிறார்.

குடும்பநல ஆலோசகர்

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். ஒரு கணவர், மனைவியோடு என் அறைக்கு வந்தபோது கையில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். மனைவி பேசும்போது எப்போது இமைத்தார், எப்போது உதட்டோரம் அசைந்தது, எப்போது கழுத்தைத் தொட்டார் என்று தேதியிட்டு எழுதியிருந்தார். முகத்தில் ஒரு நொடிக்கும் குறைவாகத் தோன்றி மறையும் நுண்பாவங்களைக் கொண்டு பொய்யைக் கண்டுபிடிக்கும் ஒரு நிபுணரைப் பற்றிய லை டு மீ என்ற அமெரிக்கத் தொடரை அவர் முழுவதும் பார்த்திருந்தார். 2009 முதல் 2011 வரை ஒளிபரப்பான அத்தொடருக்கு உளவியலாளர் பால் எக்மன் அறிவியல் ஆலோசகராக இருந்தார் என்பதால், அதில் வருவதெல்லாம் நிறுவப்பட்ட அறிவியல் என்று நம்பினார்.

அதே தொடரை வைத்து 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அத்தொடரின் ஒரு பகுதியைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிடப் பொய்யை நன்றாகக் கண்டுபிடிக்கவில்லை. மாறாக, உண்மை பேசியவர்களைப் பொய்யர்கள் என்று நினைப்பது அவர்களிடம் கூடியிருந்தது. பொய்யையும் மெய்யையும் பிரித்தறிவதில் மனிதர்களின் சராசரித் திறன் 54 விழுக்காடு என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான கட்டுரை சொல்கிறது. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆனால் அவருடைய மனைவி அமைதியாக ஒன்று கேட்டார்: "நான் கழுத்தைத் தொடுவது, நீங்கள் என்னைப் பார்த்து எழுதத் தொடங்கிய பிறகு வந்த பழக்கம் என்று உங்களுக்குத் தெரியுமா?" அவர் நெடுநேரம் பேசவில்லை. அடுத்த முறை குறிப்பேடு இல்லாமல் வந்தார். அவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். முடிவு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது.

உறவைப் பற்றிய தொடர்களில் என்னை மிகவும் வருத்துவது, ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய சந்தேகத்தை 200 பகுதிகளுக்கு நீட்டி, இறுதியில் ஒரே ஒரு வாக்குமூலத்தில் எல்லாவற்றையும் தீர்ப்பது. என் அறைக்கு வருபவர்களில் பலர் அந்த வாக்குமூலத்துக்காகக் காத்திருக்கிறார்கள். மற்றவர் அழுது, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, மறுநாள் வேறு மனிதராக எழ வேண்டும். தம்பதிகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், அவர்களுக்குள் எழும் சச்சரவுகளில் ஏறத்தாழ 69 விழுக்காடு ஒருபோதும் முற்றிலும் தீராதவை என்கிறார். அந்த எண்ணை நான் சொல்லும்போது சிலர் மனம் உடைகிறார்கள். ஆனால் அதிகமானோர் பெருமூச்சு விடுகிறார்கள், தங்கள் திருமணம் மட்டும் பழுதானதல்ல என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிகிறது.

இயற்பியல் ஆராய்ச்சி மாணவி

எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. சிறுமியாக இருந்தபோது ஒரு தொடரில் வந்த பெண் விஞ்ஞானியைப் பார்த்துத்தான் இந்தத் துறைக்கு வந்தேன். 1992இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண்ணான மே ஜெமிசன், ஸ்டார் டிரெக் என்ற விண்வெளிக் கதைத் தொடரின் உஹுரா என்ற பாத்திரம் தமக்கு ஊக்கமளித்ததாகச் சொன்னவர். மறு ஆண்டே அத்தொடர்வரிசையின் ஒரு பகுதியில் அவரே நடித்தார். 2007 முதல் 2019 வரை வந்த, இயற்பியலாளர்களைப் பற்றிய தி பிக் பேங் தியரி என்ற நகைச்சுவைத் தொடரின் வெள்ளைப் பலகைகளில் இருந்த சமன்பாடுகளை டேவிட் சால்ட்ஸ்பெர்க் என்ற இயற்பியல் பேராசிரியர் கவனித்து எழுதினார், அவை உண்மையானவை. இவ்வளவு அக்கறை காட்டுபவர்களும் இருக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஆனால் பலகையில் உள்ளது சரியாக இருந்தாலும், அதன் முன் நிற்பவர்களின் நாட்கள் சரியாக இல்லை. என் கருவியில் ஒரு வெற்றிடக் கசிவைக் கண்டுபிடிக்க எனக்கு 8 மாதங்கள் ஆயின. ஒவ்வொரு மாலையும், இன்று என்ன கண்டுபிடித்தாய் என்று அன்போடு கேட்ட என் கணவர், ஐந்தாம் மாதத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். நான் அவரிடமிருந்து எதையோ மறைப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு சனிக்கிழமை அவரை ஆய்வகத்துக்கு அழைத்துப்போய், ஒவ்வொரு இணைப்பிலும் ஹீலியம் வாயுவைச் செலுத்தி, கசிவு இருந்தால் காட்டும் மானியைப் பார்க்கும் வேலையை அவரையும் செய்யவைத்தேன். 4 மணி நேரம் ஊசி அசையவில்லை. இப்போது அவர், இன்று எத்தனை இணைப்பு பார்த்தாய் என்று கேட்கிறார்.

கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பர்

செர்னோபில் அணு உலை விபத்தைப் பற்றி 2019இல் வெளிவந்த செர்னோபில் தொடரை நான் மதிக்கிறேன். பொய் ஒரு நிறுவனத்துக்குள் எப்படி வளர்கிறது என்பதை அதைப் போலக் காட்டியது குறைவு. ஆயினும் அதில் கதிர்வீச்சுக்கு ஆளான ஒரு தீயணைப்பு வீரரின் கர்ப்பிணி மனைவி கணவரைத் தொடக்கூடாது என்று எச்சரிக்கப்படுகிறார். குழந்தை கதிர்வீச்சைத் தான் வாங்கிக்கொண்டு தாயைக் காத்ததாகவும் சொல்லப்படுகிறது. கதிர்வீச்சு மருத்துவத் துறையினர் இதை மறுத்திருக்கிறார்கள். ஆடைகளைக் களைந்து, உடலைக் கழுவிய பிறகு அத்தகைய நோயாளி பிறருக்குப் பேராபத்து அல்ல. நோய் எதிர்ப்பாற்றலை இழந்த அவருக்குத்தான் நம்மிடமிருந்து தொற்று வரும் ஆபத்து. தடுப்புத் திரைகள் முதன்மையாக அவரைக் காப்பதற்காகவே.

மார்பகப் புற்றுநோய்க்காக என்னிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண், 6ஆம் வாரத்தில், தம் கர்ப்பிணி மகள் தம்மைப் பார்க்க வருவதில்லை என்று சொன்னார். அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு மகள் பயந்திருந்தாள். தாயோ, பேரக்குழந்தைக்குத் தீங்கு வரக்கூடாது என்று எண்ணி, தாமாகவே வேறு அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நாங்கள் கொடுத்தது வெளியிலிருந்து பாய்ச்சும் எக்ஸ் கதிர். கருவி நின்ற நொடியில் அதுவும் நின்றுவிடும். விளக்கை அணைத்த பின் அறையில் ஒளி தங்காததைப் போல, உடலில் எதுவும் தங்காது. தைராய்டு நோய்க்கு அயோடின் 131 உட்கொள்பவர்கள் சில நாட்கள் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும் என்பது உண்மை. இவருடைய சிகிச்சை வேறு. முதல் நாளே இதை நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். 5 வாரங்கள் அந்தத் தாய் தம் மகளைத் தொடவில்லை. இப்போது நான் யாருக்குச் சிகிச்சை தொடங்கினாலும், அவர் கேட்கும் முன்பே, வீட்டிலுள்ள எல்லோரையும் அணைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுகிறேன்.

பகிர்வைத் தொடங்கியவர்

செவிலியர் அவர்கள் எழுதியதை நேற்றிரவு தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். முதல் பத்தியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னான்.

அப்பா வீட்டுக்கு வந்து 11 மாதங்கள் ஆகின்றன. வலக்கை இன்னும் முழுமையாக வரவில்லை. சிறு வாக்கியங்கள் பேசுகிறார். பழைய நிகழ்ச்சிகள் பல நினைவில் இருக்கின்றன; ஆனால் ஆட்களை மாற்றிப் போடுகிறார். தம்பியை மட்டும், எப்போதோ இறந்துபோன தம் அண்ணனின் பெயரைச் சொல்லியே அழைக்கிறார். தொடக்கத்தில் தம்பி ஒவ்வொரு முறையும் தன் பெயரைச் சொல்லித் திருத்துவான். இப்போது அந்தப் பெயர் கேட்டாலே, கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு, "என்னப்பா" என்று எழுந்து போகிறான்.