ரிங்லெட் பலகை வீட்டுக்குப் பழைய விறகு அடுப்பு, வாங்கலாமா?

தோட்டத்துப்பிள்ளை:
மலேசியாவில் கேமரன் மலையிலுள்ள ரிங்லெட்டுக்கு மேலே காய்கறித் தோட்டத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு பலகை வீடு இருக்கிறது, தகரக் கூரை. மழை மாதங்களில் ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அம்மாவுக்கு மூட்டு வலி, மெத்தையைத் தொட்டாலே ஈரம். தானா ராத்தாவில் பழைய பங்களா ஒன்றைப் புதுப்பிக்கிறவர் அறையைச் சூடாக்கும் விறகு அடுப்பை 1,500 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருகிறேன் என்கிறார். வார்ப்பிரும்பு, கண்ணாடிக் கதவு, புகைக்குழாய் கிடையாது. வாங்கலாமா?

மலைக்காரன்:
வேண்டாம் தம்பி. கேமரனில் 1978இல் பதிவான 7.8 டிகிரிதான் இந்த நாட்டு வானிலை நிலையங்களிலேயே பெரிய குளிர், அதுவும் எப்போதோ ஒரு தடவை. அந்த அடுப்பெல்லாம் பனி விழுகிற ஊருக்குச் செய்தவை. உங்கள் பிரச்சினை ஈரம். ஈரத்தை உறிஞ்சுகிற மின்சாரப் பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள், அம்மா படுக்கைக்குச் சூடு போர்வை போதும்.

பழையஇரும்பு:
அண்ணே, பலகை இடுக்கெல்லாம் காற்று வருகிற வீட்டில் அந்தப் பெட்டி எதை உறிஞ்சும்? உறிஞ்ச உறிஞ்ச மூடுபனி உள்ளே வந்துகொண்டே இருக்கும், அதோடு அந்த மாதிரி பெட்டிகள் பலதும் குளிரில் சரியாக வேலை செய்யாது. 15 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினாலே ஈரப்பதம் கிட்டத்தட்ட 65 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அடுப்பு செய்வது இதைத்தான். அதனால் நான் வாங்கச் சொல்வேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுக்கக்கூடாது.

இருட்டிய பிறகு போங்கள் தம்பி. உள்ளே டார்ச் லைட்டை எரியவிட்டுக் கதவை மூடி, வெளியே சுற்றிப் பாருங்கள், எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே ஓட்டை. கதவிடுக்கில் ஒரு வெள்ளி நோட்டை வைத்து மூடி இழுங்கள், சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் காற்றை அடைக்கிற கதவோரக் கயிறு போய்விட்டது, அதை மாற்றலாம். ரொம்பப் பழைய அடுப்பென்றால் அந்தக் கயிறு கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், நீங்களாகச் சுரண்டாதீர்கள். உள்ளே சூடு தாங்கும் செங்கல் உடைந்திருந்தால் பரவாயில்லை, வேறு போடலாம். புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால்தான் சந்தேகம் வரவேண்டும், விரிசலை மறைக்க அடிக்கிறவர்கள் உண்டு.

மலைக்காரன்:
சரி, அடுப்பு நல்லதாகவே இருக்கட்டும். குழாய்க்கு என்ன வழி? சோதித்துச் சான்று கொடுத்த தகடு இல்லாத அடுப்புக்கு அமெரிக்காவில் எரியக்கூடிய எதுவும் 36 அங்குலத்துக்குள் இருக்கக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள், இங்கே நாலு சுவரும் பலகை! கூரையைத் துளைக்கிற இடத்தில் ஒற்றைத் தகரக் குழாய் போட்டால் கூரையின் மரச்சட்டம் பற்றிக்கொள்ளும், நடுவில் காப்பு வைத்த இரட்டைக் குழாய்தான் வேண்டும். கூரைக்கு மேலேயும் மூன்று அடியாவது நீளவேண்டும். அந்தக் குழாய் அடுப்பைவிட விலை. காசை மிச்சப்படுத்த நம் ஆட்கள் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைப் போடுவார்கள், சூடேறினால் துத்தநாகப் புகை வரும், அது விஷம். தீப்பிடித்தால் அந்த ஒற்றையடிப் பாதையில் பொம்பா (தீயணைப்பு) வண்டி ஏறுமா, அதையும் யோசியுங்கள்.

லயத்துஅக்கா:
விறகைப் பற்றி யாருமே பேசவில்லையே. தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஈர விறகை ஊதி ஊதியே எங்கள் அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்தது, அதனால்தான் கேட்கிறேன். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வராத விறகைப் போட்டால் சூடு குறையும், புகை குழாய்க்குள் தாராகப் படியும், ஒருநாள் அந்தத் தார் பற்றிக்கொள்ளும். ரிங்லெட்டில் வெட்டவெளியில் எதுவும் காயாது தம்பி. கூரை போட்டு, பக்கம் திறந்து, பிளந்து அடுக்கி மாதக்கணக்கில் விடவேண்டும். காட்டு ஓரத்தில் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், வனக் காப்பிடத்தில் உரிமம் இல்லாமல் எடுத்தால் 1984 வனச் சட்டப்படி குற்றம். கீழே தாப்பா பக்கம் ரப்பர் மரம் வெட்டுகிற இடத்தில் கேட்டுப் பாருங்கள், நன்றாக எரியும். மருந்து அடித்த பலகை மட்டும் வேண்டவே வேண்டாம்.

பழையஇரும்பு:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. அதோடு ராத்திரி காற்றுத் துளையை ரொம்ப அடைத்துவிட்டுத் தூங்கக்கூடாது, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் வேண்டும். ஆனால் மலைக்காரன் அண்ணே, பலகைச் சுவருக்கு வழி இருக்கிறது. ஒரு அங்குலம் இடைவெளி விட்டு, கீழேயும் மேலேயும் காற்று போக வழி வைத்துத் தகரத் தடுப்பு அடித்தால் அந்த 36 அங்குலத்தை நன்றாகவே குறைக்கலாம்.

தோட்டத்துப்பிள்ளை:
நேற்று ராத்திரி போய்ப் பார்த்தேன். கதவு நோட்டை இறுக்கிப் பிடித்தது. டார்ச் வைத்தபோது பின்பக்கத்தில் நூல் மாதிரி ஒரு வெளிச்சம் மேலிருந்து கீழே வரைக்கும் தெரிந்தது.

பழையஇரும்பு:
இரண்டு தகடு சேருகிற மூலையிலா, தகட்டின் நடுவிலா? நடுவில் என்றால் விட்டுவிடுங்கள், வார்ப்பிரும்பில் ஒட்டுப்போட்டது நிலைக்காது. மூலையில் என்றால் பழைய பூச்சு உதிர்ந்திருக்கிறது, கழற்றி அடுப்புச் சிமெண்ட் வைத்து இறுக்கலாம்.

தோட்டத்துப்பிள்ளை:
மூலையில்தான். விரலால் தேய்த்தேன், சாம்பல் மாதிரிப் பொடி உதிர்ந்தது.

மலைக்காரன்:
இப்போதும் எனக்கு மனசு ஒப்பவில்லை, போர்வையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். வாங்கியே தீருவீர்கள் என்றால் அந்த மூலையைக் காட்டி 900 வெள்ளிக்குக் கேளுங்கள். ஈப்போவில் இரட்டைக் குழாய் என்ன விலை, எத்தனை அடி வேண்டும் என்று எழுத்தில் வாங்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.