சிடிசி ரோலர் செக்மென்ட் வார்ப்புகளின் தரத்தை வாங்குமுன் எப்படிச் சோதிப்பது?

கட்டபெட்டுக்காரன்:
கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இயந்திரப் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். சென்ற ஆண்டு, இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் எங்கள் சிடிசி ரோலர்களுக்குப் புதிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வார்ப்பு செக்மென்ட்டுகளை (ரோலரில் கோக்கும் பல் வெட்டிய வளையங்களை) வாங்கினோம். முன்பு இருந்தவற்றில் ஏறத்தாழ 100 மணி நேரம் ஓடிய பிறகே பல் மழுங்கும். இவை 65 மணி நேரத்திலேயே மழுங்கிவிடுகின்றன. மூன்றாம் முறை ஷார்ப்பனிங் செய்தபோது, பல்லின் அடியில் குண்டூசித் தலையளவு ஓட்டைகள் தெரிந்தன. விற்றவர் அசல் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றுதான் சொல்கிறார். ஆனால் காந்தத்தை வைத்தால் லேசாக இழுக்கிறது. இது கலப்படமா? அடுத்த முறை வாங்கும்போது எந்தச் சோதனைகளைக் கேட்க வேண்டும்? டைட்டானியம் நைட்ரைடு பூச்சு கொடுத்தால் தேய்மானம் குறையும் என்று ஒருவர் சொல்கிறார், அது உண்மையா?

பழைய ஃபவுண்டரி ஆள்:
காந்தத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள் ஐயா. தகடாக உருட்டிய 304-இல் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பது சரி. ஆனால் அதே வகை உலோகத்தை வார்க்கும்போது வெடிப்பு வராமல் இருப்பதற்காகவே கொஞ்சம் ஃபெரைட் (காந்தம் இழுக்கும் படிக அமைப்பு) இருக்கும்படி செய்வார்கள், அதனால் நல்ல வார்ப்பும் லேசாக இழுக்கும். மறுபுறம், நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய 200 வரிசை உலோகத்திலும் காந்தம் ஒட்டாமல் போகலாம். ஆகவே வேதிச் சோதனைதான் வழி: குரோமியம் குறைந்தது 18 விழுக்காடும், நிக்கல் குறைந்தது 8 விழுக்காடும் இருக்க வேண்டும். கையில் பிடிக்கும் எக்ஸ்ரே துப்பாக்கி இவ்விரண்டையும் காட்டும், கார்பனைக் காட்டாது. கார்பனுக்கு ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும், கோவையில் அதற்கு ஆய்வகங்கள் உண்டு.

உங்கள் சிக்கலின் வேர் அந்த ஓட்டைகளில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. உருகிய உலோகத்தில் அடைபட்ட வாயுவும், இறுகும்போது ஏற்படும் சுருக்கமும் உள்ளே குழிகளை விட்டுவிடும். சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்துப் பார்க்கும் சோதனை மேற்பரப்பில் வாய் திறந்த குறைகளை மட்டுமே காட்டும். நீங்களோ ஒவ்வொரு ஷார்ப்பனிங்கிலும் புதிய பரப்பைத் திறக்கிறீர்கள். எனவே ஒரே லாட்டில் வந்த செக்மென்ட்டுகளைக் காற்றிலும் தண்ணீரிலும் எடைபோட்டு அடர்த்தியைக் கணக்கிடுங்கள். கிராம் வரை காட்டும் தராசு போதும். மற்றவற்றைவிட அடர்த்தி குறைந்து நிற்பது எதுவோ, அதை அறுத்துப் பாருங்கள்.

வார்த்த பிறகு 1,040 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கித் தண்ணீரில் சட்டென்று குளிர்வித்ததற்கான சான்றிதழையும் கேளுங்கள். அதைச் செய்யாவிட்டால் குரோமியம் கார்பைடாகத் தனித்து ஒதுங்கிவிடும். அதையொட்டிக் குரோமியம் குறைந்துபோன இடங்களை இலைச்சாறு அரிக்கும்.

குன்னூர் பட்டறை:
பூச்சு வீண் செலவு. டைட்டானியம் நைட்ரைடு பூச்சு சில மைக்ரான் கனம்தான் இருக்கும். முதல் ஷார்ப்பனிங்கிலேயே முழுவதும் போய்விடும், ஒவ்வொரு முறையும் மறுபடி பூச வேண்டும். தடிமனான ஹார்டு குரோம் பூச்சு உதிர்ந்து தேயிலைத் தூளில் கலந்தால் அது வேறு வம்பு. தேயிலையில் இரும்புத் துகள் கிலோவுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ரோலரில் நசுங்கித் தேயும்போது 304-இன் துகள்களும் காந்தத் தன்மை பெற்றுவிடுவதால், தூள் பாதையில் வைத்திருக்கும் காந்தத்தில் ஒட்டும் துகளை வாரந்தோறும் எடைபோட்டு எழுதி வைத்தால் தேய்மானம் ஓரளவு தெரியும்.

கடினத்தன்மைச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. லேத்தில் கடைந்த பரப்பில் அளந்தால், கடையும்போது அழுந்தி இறுகிய மேல்தோலின் அளவையே அது காட்டும். மெல்லிதாக மெருகேற்றிய பிறகு, பிரினெல் முறையில் (பெரிய குண்டு ஒன்றை அழுத்தி, பதியும் பள்ளத்தை அளப்பது) அளக்கச் சொல்லுங்கள். வார்ப்பின் பருமனான படிக மணிகளை அந்தப் பெரிய குண்டுதான் சராசரியாக்கும்.

கட்டபெட்டுக்காரன்:
இருவருக்கும் நன்றி. ஒரே ரோலரில் பழைய செக்மென்ட்டுகளையும் புதியவற்றையும் மாற்றி மாற்றிக் கோத்து ஓட்டி, எது அதிகம் தேய்கிறது என்று பார்க்கலாமா? மணலும் ரப்பர் சக்கரமும் கொண்டு தேய்க்கும் ஆய்வகச் சோதனையைவிட அது நேரடியானது அல்லவா?

குன்னூர் பட்டறை:
அப்படிக் கோக்காதீர்கள். மென்மையானவை முந்தித் தேய்ந்தால் அந்த இடத்தில் ரோலர்களுக்கு இடைவெளி விழுந்து, இலை வெட்டுப்படாமல் வழுக்கிப் போகும். ஒரு ஜோடி ரோலர் முழுவதும் பழையது, இன்னொரு ஜோடி முழுவதும் புதியது என்று வைத்து, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக முதல் கட்டிலேயே (இலை முதலில் நுழையும் ரோலர் ஜோடியின் இடத்திலேயே) ஓட்டுங்கள். மண்ணும் காம்பும் முதலில் மோதுவது அங்கேதான். மணிக்கணக்கை மட்டும் பார்க்காமல், எத்தனை கிலோ இலை ஓடியது என்பதையும் எழுதுங்கள். இப்போது கத்தரி வைத்து அறுத்த இலையே அதிகம் வருகிறது, அதில் காம்பும் கூடுதல். பல்லின் ஆழத்தை ஒரே இடத்தில் குறியிட்டு அளக்க வேண்டும். ரப்பர் சக்கரச் சோதனையில் மணல் உலர்ந்தது, உங்கள் இலை ஈரமானது. இருந்தாலும் இரண்டு உலோகங்களில் எது முந்தித் தேயும் என்று வரிசைப்படுத்த அது உதவும்.

கட்டபெட்டுக்காரன்:
அப்படியே செய்கிறேன். பழைய செக்மென்ட் ஒன்று இன்னும் ஸ்டோரில் கிடக்கிறது. ஓட்டை விழுந்த புதியது ஒன்றோடு சேர்த்து அதையும் கோவைக்கு அனுப்பி, இரண்டின் அறிக்கையையும் வந்தவுடன் இங்கே எழுதுகிறேன்.