கண்டொனேஷன் ஆஃப் டிலே: மன்னிப்பா, பொறுத்தலா?

கையேட்டு ஆசிரியை எழுதியது:
வணக்கம். தகவல் உரிமைச் சட்டக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். மக்களுக்கு முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தகவல் ஆணையத்துக்குப் போக 90 நாள். ஆணையம் 'தகவலைக் கொடு' என்று உத்தரவிட்டால் துறை ரிட் மனுவோடு உயர் நீதிமன்றம் போகிறது; அதற்கு நாள் கணக்கே சட்டத்தில் இல்லை. தனி நீதிபதியிடம் தோற்றால் இரு நீதிபதி அமர்வுக்குப் போக 30 நாள். அதுவும் தாண்டினால், தாமதத்தைப் பொருட்படுத்தாமல் வழக்கை ஏற்கும்படி கேட்கும் 'கண்டொனேஷன்' மனு. இதைத் 'தாமத மன்னிப்பு' என்று எழுதியிருந்தேன். போன வகுப்பில் ஒரு பெரியவர், "அப்போ அரசாங்கம் என்கிட்ட மன்னிப்புக் கேட்குமாம்மா?" என்றார். தன் நிலத்தின் அளவைப் பதிவேட்டு நகலுக்காக அலைகிறவர். எனக்குப் பதில் வரவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:
அம்மா, பெரியவர் கேட்டது நியாயம். மன்னிப்பு, பிழை செய்தவனுக்கும் பாதிக்கப்பட்டவனுக்கும் நடுவே உள்ளது. இங்கே பொறுப்பது மூன்றாமவரான நீதிமன்றம். 'பொறுத்தல் இறப்பினை என்றும்' என்கிறது குறள். அங்கே இறப்பு என்பது வரம்பு கடத்தல். இறந்த காலம் என்னும்போது நாமும் அந்தப் பொருளில்தான் சொல்கிறோம். ஆகவே 'கெடுவிறப்புப் பொறை', அதாவது கெடு (காலவரம்பு) கடந்ததைப் பொறுத்தல். சொற்கள் சேரும்போது வரும் தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்றில் கடைசியிலிருந்தே கெடு பிறந்தது என்பது என் துணிபு. நாள் கெட்டால் உரிமை கெடும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
ஐயா, பொறுத்தல் அருமை. ஆனால் கெடுவைக் கெடுதலோடு கட்டாதீர்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் 'கடுவு' இதே பொருளில் இருக்கிறது. அந்த உறவை முதலில் பார்க்க வேண்டும். அப்புறம், 'இறப்பு' என்று அச்சிட்டால் கிராமத்தில் படிப்பவர் சாவு என்றுதான் எடுத்துக்கொள்வார். 'பொறை'யும் புரியாது. 'தாமதம் பொறுத்தல்' போதாதா?

வழக்கறிஞர் எழுதியது:
'தாமதத்தை மன்னித்து' என்றுதான் மனுக்களில் எழுதுகிறோம். கையேட்டில் வேறு சொல் மட்டும் இருந்தால், நோட்டீஸ் கைக்கு வரும்போது அவருக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும். ஆனால் சொல்லைவிட முக்கியமான ஒன்று அந்தப் பக்கத்தில் வர வேண்டும்: இது கேட்டவுடன் கிடைப்பதல்ல. அஞ்சல் துறை 427 நாள் தாமதமாக வந்த வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் பொறுக்க மறுத்தது. அது தகவல் வழக்கு இல்லை. ஆனாலும் அரசுக்குத் தனிக் காலவரம்பு கிடையாது, கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது என்ற வழக்கமான விளக்கம் செல்லாது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கையேட்டு ஆசிரியை எழுதியது:
சரி, தலைப்பில் 'தாமதம் பொறுத்தல்'. அடுத்த வரியிலேயே 'நீதிமன்றத் தாளில் தாமத மன்னிப்பு என்று இருக்கும்' என்று சேர்க்கிறேன். 427 நாள் வழக்கும் வரும். பெரும்பாலானோர் இதற்கு ஒப்புவதாக எடுத்துக்கொள்கிறேன்.

தமிழாசிரியர் எழுதியது:
நான் ஒப்பவில்லை. தாமதம் வடசொல். 'காலத்தாழ்வு' என்றால் யாருக்குப் புரியாது? அடுத்த பதிப்பிலாவது பாருங்கள்.

வழக்கறிஞர் எழுதியது:
அம்மா, அந்தப் பெரியவரிடம் ஒன்று கேளுங்கள். அவர் வழக்கில் துறை எத்தனை நாள் தாண்டியிருக்கிறது? நோட்டீஸ் வந்திருந்தால் எதிருரை போட்டாரா?