ஈசிஜி ப்ராஜெக்ட்: சிக்னல் எங்கே கெடுகிறது?

ஆய்வகப் பயிற்றுநர்

"சர், நேர்கோடுதான் வருது" என்று மாணவர்கள் கொண்டுவரும் ஈசிஜி (இதயத்தின் மின் சிக்னல்) போர்டுகளில் அடிக்கடி தென்படும் கோளாறு, முதல் நிலையிலேயே கெயினை (சிக்னலைப் பெருக்கும் மடங்கை) 1000 வைத்திருப்பது. தோலில் கிடைக்கும் ஈசிஜி 1 மில்லிவோல்ட் அளவுதான். ஆனால் எலெக்ட்ரோடும் தோலும் சேருமிடத்தில் உண்டாகும் டிசி ஆஃப்செட் (மாறாமல் நிற்கும் கூடுதல் வோல்டேஜ்) 300 மில்லிவோல்ட் வரை போகலாம். அதையும் சேர்த்துப் பெருக்கினால் ஐசி சப்ளை வோல்டேஜில் முட்டி நின்றுவிடும்.

முதல் நிலைப் பெருக்கி ஐசியான ஏடி620-க்கு 10 மடங்கு போதும். கெயின் = 1 + (49.4 கிலோஓம் ÷ ஆர்ஜி). கெயினை நிர்ணயிக்கும் ரெசிஸ்டரான ஆர்ஜிக்கு 5.6 கிலோஓம் போட்டால் 9.8 வரும். அடுத்து டிசியைத் தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்டர், அதற்குப் பின்னால்தான் 100 மடங்கு.

ஹை-பாஸுக்கு 1 மைக்ரோஃபாரட், 3.3 மெகாஓம் என்றால் 0.05 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை வெட்டுப்படும். எஸ்டி பகுதியின் (துடிப்பின் உயர்ந்த முள்ளுக்குப் பின் வரும் பகுதி) வடிவம் கெடாமல் வேண்டுமானால் இதுதான். எலெக்ட்ரோடு சற்று அசைந்தாலும் கோடு நிலைக்குத் திரும்பக் கால் நிமிடம் பிடிக்கும், பொறுக்க வேண்டும். துடிப்பை எண்ணினால் போதும் என்றால் 330 கிலோஓம் (0.5 ஹெர்ட்ஸ்).

ஃபில்டருக்கு அடுத்த இந்த இடத்தில் 741 ஆப்-ஆம்ப் ஐசி போடாதீர்கள். அதன் இன்புட்டில் ஓடும் பயாஸ் கரன்ட் 80 நானோஆம்ப் அளவு, 3.3 மெகாஓமில் அதுவே கால் வோல்ட் ஆகிவிடும். அதை 100 மடங்கு பெருக்கினால் மறுபடியும் நேர்கோடுதான். டிஎல்072 போன்ற ஃபெட் இன்புட் ஐசி வேண்டும். கெப்பாசிட்டர் ஃபிலிம் வகையாக இருக்கட்டும். எலெக்ட்ரோலிடிக்கில் கசிவு அதிகம்.

மருத்துவக் கருவிப் பராமரிப்புப் பொறியாளர்

மெயின்ஸ் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்ததும், அந்த அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் தேடுகிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கூர்மையான நாட்ச், ஆர் அலைக்கு (துடிப்பின் உயர்ந்த முள்) பின்னால் பொய்யான நெளிவுகளை உண்டாக்கும்.

முதலில் இரண்டு இன்புட்டையும் போர்டிலேயே கிரவுண்டோடு சேருங்கள். இரைச்சல் அப்போதும் இருந்தால் சப்ளையிலோ வயரிங்கிலோ கோளாறு. போய்விட்டால் லீடிலோ எலெக்ட்ரோடிலோதான். பாக்கெட் பிரித்துப் பல நாள் கிடந்த எலெக்ட்ரோடில் ஜெல் காய்ந்திருக்கும். ஒன்று காய்ந்து மற்றொன்று ஈரமாக இருந்தால் இரண்டின் இம்பீடன்ஸும் சமமாக இராது. இரு பக்கமும் பொதுவாக வரும் 50 ஹெர்ட்ஸ் அந்த வித்தியாசத்தால் சிக்னலாகவே மாறிவிடும். ஐசியின் சிஎம்ஆர்ஆர் (பொதுவாக வரும் சிக்னலைத் தள்ளும் திறன்) 100 டெசிபெல் இருந்தும் பயன் இல்லை. புது எலெக்ட்ரோடு, ஸ்பிரிட்டால் துடைத்து லேசாகத் தேய்த்த தோல், முறுக்கிய லீட் வயர்கள், பிறகு வலது கால் டிரைவ் (பொதுவாக வரும் இரைச்சலைத் தலைகீழாக்கி உடலுக்கே திருப்பித் தரும் சுற்று). ஆர்ஜியை இரண்டு 2.7 கிலோஓமாகப் பிரித்து, நடுப்புள்ளியை பஃபர் செய்து தலைகீழாக்கி, சில லட்சம் ஓம் தொடர் ரெசிஸ்டர் வழியாகக் காலுக்குக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல்: ஆள்மீது லீட் இருக்கும்போது முழுச் சுற்றும் பேட்டரியில் ஓட வேண்டும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். ஆஸிலாஸ்கோப்பின் ப்ரோப் கிரவுண்ட் மெயின்ஸ் எர்த்தோடு சேர்ந்தது என்பதைப் பலர் மறக்கிறார்கள். ஸ்கோப்பில் பார்க்கவேண்டிய வேலையை ஈசிஜி சிமுலேட்டரை வைத்தே முடித்துவிடுங்கள்.

ப்ராஜெக்ட் வழிகாட்டி

ஆர்டுயினோவிலிருந்து கணினிக்கு அனுப்பும் வேகத்தை 9600 பாட் வைத்தால் நொடிக்கு 960 பைட்தான் போகும். நொடிக்கு 250 சாம்பிளை, ஒவ்வொன்றும் மூன்று இலக்கமும் இரண்டு பைட் வரிமுடிவுமாக அனுப்ப 1250 பைட் வேண்டும். பஃபர் நிரம்பி சாம்பிள் இடைவெளி நீளும். கணக்கிடும் இதயத்துடிப்பு தப்பாகும். 115200 வையுங்கள். சாம்பிளிங்குக்கு டிலே வேண்டாம், டைமர் இன்டரப்ட் போடுங்கள்.

ஆராய்ச்சி மாணவி

மெஷின் லேர்னிங் பக்கம் போகிறவர்களுக்கு: எம்ஐடி-பிஐஎச் என்ற ஈசிஜி தரவுத் தொகுப்பில் அரை மணி நேரப் பதிவுகள் 48, நொடிக்கு 360 சாம்பிள். துடிப்புகளைக் கலைத்துப் போட்டு டிரெய்ன் (பயிற்சி), டெஸ்ட் (சோதனை) என்று பிரித்தால் ஒரே ஆளின் துடிப்புகள் இரு பக்கமும் விழும். அக்யூரசி 99 சதவீதம் வருவதும், புது நோயாளியிடம் மாடல் தடுமாறுவதும் இதனால்தான். ஆள்வாரியாகப் பிரியுங்கள். பேஸ்மேக்கர் பதிவுகளான 102, 104, 107, 217-ஐ நீக்கி, மீதியை டிரெய்னுக்கும் டெஸ்டுக்கும் 22-22 பதிவுகளாகப் பிரிப்பது பரவலான வழக்கம். ஆனால் 201-ம் 202-ம் ஒரே ஆளுடையவை. அந்தப் பிரிப்பில் 201 டிரெய்னிலும் 202 டெஸ்டிலும் இருக்கின்றன. ஒரே பக்கம் வைப்பதுதான் சரி. பெரும்பாலான துடிப்புகள் இயல்பானவை என்பதால் மொத்த அக்யூரசி எதையும் காட்டாது. ஒவ்வொரு வகைத் துடிப்புக்கும் சென்சிடிவிட்டியையும் (இருப்பவற்றில் எத்தனை பிடிபட்டன) பாசிட்டிவ் ப்ரெடிக்டிவிட்டியையும் (பிடித்தவற்றில் எத்தனை சரி) தனித்தனியே எழுதுங்கள்.